குழந்தைக்குத் தலைவலி: எப்போது நள்ளிரவிலும் ஸ்கேனுக்கு ஓட வேண்டும், எப்போது வேண்டாம்

ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டு இரண்டு வகைத் தவறுகளையும் செய்து முடித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு என் மகள் விஷயத்தில். அவளுக்கு 9 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விளக்கைப் போட்டால் கத்தினாள். ஒருமுறை வாந்தியும் எடுத்தாள். தூக்கிக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். பணியில் இருந்த மருத்துவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "மைக்ரேன் போலத் தெரிகிறது. மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கவனிப்போம்" என்றார். நான் விடவில்லை. "எழுதிக் கொடுக்கிறீர்களா, வேறு இடத்துக்குப் போகட்டுமா?" என்று மல்லுக்கு நின்று சிடி ஸ்கேன் எடுக்க வைத்தேன். மூளையில் ஒன்றுமில்லை. விடிவதற்குள் அவள் தூங்கி எழுந்து இட்லி கேட்டாள்.

இரண்டாவது என் தங்கை மகன் விஷயத்தில். அவனுக்கு 6 வயது. மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி. எடுத்து முடித்தால் தெளிந்துவிடுவான். பித்தம் என்றோம். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்றோம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டான். ஏனடா என்றால், "இரண்டு தோசை தெரிகிறது மாமா" என்றான். நாங்கள் சிரித்தோம். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய் அளவு பார்த்து, பச்சை பிரேம் போட்ட கண்ணாடி ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அவனுக்குச் சிறுமூளையில் கட்டி. மூளைநீர் வடியும் வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்குப் போகிறான். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

புரண்டு அழுதவளுக்கு அவசரமில்லை. அதிகம் அழாதவனுக்குத்தான் அவசரம். நான் மருத்துவன் அல்லன். குழந்தை மருத்துவர்களிடமும் நரம்பியல் மருத்துவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அடுத்த பெற்றோர் அலையாமலிருக்க வரிசைப்படுத்தியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி. இது அதற்கு மாற்று அல்ல.

1. வலி எவ்வளவு என்று கேட்பதை நிறுத்துங்கள்

வலி எவ்வளவு என்பதை வைத்து அவசரத்தை முடிவு செய்ய முடியாது. வலியோடு கூட எது வருகிறது என்பதுதான் கேள்வி. மைக்ரேன் வந்த குழந்தை வலியில் துடிக்கும். ஆனால் வலி இறங்கியதும் பழையபடி ஓடும், பேசும், எழுதும். மூளையில் அழுத்தம் ஏறும் குழந்தை வலியைப் பற்றிப் பேசாமலேகூட இருக்கலாம். அதன் நடை மாறும், பார்வை மாறும், குணம் மாறும்.

இன்னொரு பொறி: "பாராசிட்டமால் கொடுத்தேன், கேட்டுவிட்டது, ஆகவே பயமில்லை" என்பது. மாத்திரைக்கு வலி அடங்குவது எதையும் நிரூபிக்காது. கட்டியால் வரும் வலியும் சில மணி நேரம் அடங்கும்.

2. இவை இருந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள்

கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள், அல்லது கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறுங்கள். ஸ்கேன் மையத்துக்கு அல்ல, குழந்தைகள் பிரிவும் சிடி வசதியும் இருக்கும் மருத்துவமனைக்கு.

- எழுப்பினால் எழவில்லை, அல்லது எழுந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் உளறுகிறது.
- சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன வலி. இரத்தக்குழாய் வெடித்தால் இப்படித்தான் வரும்.
- வலிப்பு வந்தது.
- ஒரு கை, ஒரு கால் வலுவிழந்தது, வாய் கோணியது, பேச்சு குழறுகிறது.
- திடீரென இரண்டிரண்டாகத் தெரிகிறது, ஒரு கண் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது, நேற்று வரை நேராக நடந்த பிள்ளை தள்ளாடுகிறது.
- காய்ச்சலோடு கழுத்து விறைத்து, முகவாயை நெஞ்சில் தொட முடியவில்லை. அழுத்தினால் மறையாத செந்நிறப் புள்ளிகள் உடலில் இருந்தால் இன்னும் வேகம்.
- மூளைநீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்த குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, மந்தம். மாறாக நிரூபிக்கப்படும்வரை அதைக் குழாய் அடைப்பு என்றே கொள்ள வேண்டும்.
- இரத்தம் உறையாத நோய், புற்றுநோய்ச் சிகிச்சை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதாவது உள்ள குழந்தைக்குப் புதிதாக வந்த கடும் தலைவலி.

கைக்குழந்தையால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது. உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிகிறதா, சில வாரங்களாகத் தலை மட்டும் வேகமாகப் பெருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் இரத்தநாளத்தில் ஊசியாக ஆன்டிபயாட்டிக் போடுவதுதான் முதல் வேலை. "ஸ்கேன் வரட்டும், பிறகு மருந்து" என்று மணிக்கணக்கில் உட்கார வைத்தால் காரணம் கேளுங்கள். அதைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

3. நள்ளிரவில் ஓட வேண்டாம், ஆனால் தள்ளியும் போடக் கூடாது

என் தங்கை வீட்டில் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். கீழே சொல்பவற்றில் ஒன்று மட்டும் வந்தால் ஓரிரு நாளில் குழந்தை மருத்துவர். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. எழுந்தவுடன் இருந்து, நிமிர்ந்து நடமாடியபின் குறையும் வலி. குனிந்தால், இருமினால், முக்கினால் கூடும் வலி. வயிற்றுப்போக்கு இல்லாமல் நாள் தவறாமல் வரும் காலை வாந்தி. கையெழுத்து கெடுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, சைக்கிளில் அடிக்கடி விழுவது. புதிதாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பது. சாதுவான பிள்ளை எரிந்து விழுவது, மதிப்பெண் காரணமின்றிச் சரிவது. ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிப்பது, வளர்ச்சி நின்றுபோவது. வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போவது. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஓயாத தலைவலி.

நம் ஊரில் மேலும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒரு வாரமாக இலேசான காய்ச்சல், தலைவலி, இடையிடையே வாந்தி, குழந்தை வாடிப்போய் ஒடுங்கிக் கிடக்கிறது என்றால் காசநோய் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலோ காசநோய்ச் சிகிச்சையோ இருந்தால் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். இன்னொன்று, நாடாப்புழுவின் முட்டை உணவோடு உள்ளே போய் மூளையில் கட்டியாகத் தங்கும் நோய். நன்றாக இருந்த பள்ளிப் பிள்ளைக்குத் திடீரென வலிப்பு வந்து, கூடவே தலைவலியும் இருந்தால் இதையும் தேடிப் பார்ப்பார்கள். சைவக் குடும்பத்துக்கு இது வராது என்று என்னிடம் ஒருவர் சாதித்தார். வரும். சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியிலும் அந்த முட்டை இருக்கலாம்.

4. தலையில் அடிபட்ட பிறகு வலி என்றால்

இதற்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2009-இல் வெளியான, யாருக்கு சிடி தேவை என்று சொல்லும் பெக்கார்ன் (PECARN) விதியைத்தான் இங்கும் பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அந்தக் குழந்தைகளில் மூளைக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. "பொறுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால்: நினைவு தெளிவாக இல்லை, கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போயிருக்கிறது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிகிறது என்றால் உடனே சிடி. சிறிது நேரம் மயங்கியது, வாந்தி, கடும் தலைவலி, 5 அடிக்கு மேலிருந்து விழுந்தது, வண்டி மோதியது ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அடிபட்டதிலிருந்து 4 முதல் 6 மணி நேரம் கவனித்துப் பார்ப்பார்கள். மோசமானால் சிடி, தெளிந்தால் வீடு. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 3 அடி உயரமே போதும். நெற்றி தவிர வேறெங்கும் பெரிய வீக்கம் இருந்தாலும் எச்சரிக்கை.

விழுந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதிவையுங்கள். "சாயங்காலம் ஒரு நாலு, நாலரை இருக்கும்" என்றால் அந்த 6 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்கள். மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், வழக்கமான தூக்க நேரத்தில் தூங்கலாம். இடையில் ஓரிரு முறை எழுப்பி, ஆளை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அவர் வேறு நேரக்கணக்கு சொல்லியிருந்தால் அதுவே சட்டம்.

5. ஸ்கேன் வேண்டாத தலைவலி

பெரும்பான்மை இதுதான். மாதக்கணக்கில் ஒரே மாதிரி வந்து போகும் வலி, இடையில் முழு நலம், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மைக்ரேன், மருத்துவர் பரிசோதனையில் குறை இல்லை என்றால் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. டெங்கு பருவத்தில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் வேண்டியது இரத்தப் பரிசோதனை. அப்போது ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினைக் குழந்தைகளின் தலைவலிக்கு எப்போதுமே கொடுக்கக் கூடாது.

பாராசிட்டமால் அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். கடையில் இந்த சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வலிமையில் கிடைக்கிறது. அட்டைப்பெட்டி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். புட்டியில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மூடியில் ஊற்றுங்கள்.

6. கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

பொறுக்க நேரமிருக்கும் வகையாக இருந்தால் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், பழைய ஸ்கேன் படங்கள். எடை தெரிந்திருக்க வேண்டும், எல்லா மருந்தும் அதை வைத்துத்தான். கைபேசியில் இரண்டு காணொளி எடுங்கள். ஒன்று குழந்தை நடப்பது, இன்னொன்று உங்கள் விரலைக் கண்ணால் தொடர்வது. மருத்துவமனை போய்ச் சேரும்போது எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அப்போது இது உதவும்.

வழியில் எதையும் ஊட்டாதீர்கள். நாங்கள் பட்டது இது. தங்கை மகனுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (ஆடாமல் படுக்க மயக்க மருந்து கொடுப்பார்கள்) காலை 11 மணிக்கு என்றார்கள். பசிக்கிறது என்று அழுதான், பாட்டி மனம் கேட்காமல் இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டார். மயக்க மருந்துக்கு முன் திட உணவு இல்லாமல் 6 மணி நேரம் கழிய வேண்டும். ஸ்கேன் மாலைக்குத் தள்ளிப்போனது. தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் வரை விட்டுக்கொடுப்பார்கள். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

7. மருத்துவர் அறையில்

"ஸ்கேன் எழுதுங்கள்" என்று தொடங்காதீர்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, என்ன புதிதாக மாறியிருக்கிறது, இம்மூன்றையும் சொல்லிவிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: "இரத்த அழுத்தம் பார்த்தீர்களா?" குழந்தைக்கு ஏது பிரஷர் என்று விட்டுவிடுவது நடக்கிறது. சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் ஏறி, தலைவலியாக மட்டும் வெளியே தெரியும் குழந்தைகள் உண்டு. மூளையில் அழுத்தம் ஏறும்போதும் இரத்த அழுத்தம் உயர்ந்து நாடித்துடிப்பு குறையும்.

இரண்டாவது: "கண்ணின் பின்புறம் பார்க்க வேண்டுமா?" மூளை அழுத்தத்தால் கண் நரம்பு வீங்குவதை இதில் காணலாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. அந்தப் பச்சைக் கண்ணாடிக்குக் கொடுத்த 900 ரூபாயைவிட, அது எங்களுக்குத் தந்த பொய்யான நிம்மதிதான் பெரிய நஷ்டம். ஒரு கவனம்: நினைவு மங்கிவரும் குழந்தைக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை மருத்துவக் குழுவைக் கேட்காமல் போடக் கூடாது. கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்பதை வைத்துத்தான் அவர்கள் நிலைமையைக் கணிக்கிறார்கள்.

8. சிடியா, எம்.ஆர்.ஐ.யா?

அவசரத்துக்கு சிடி. படம் எடுப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மேசையில் ஏற்றி இறக்கப் பத்து நிமிடம். இரத்தக்கசிவு, மூளைநீர்த் தேக்கம், பெரிய கட்டி ஆகியவை தெரியும். கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் ஓராண்டில் வாங்குவதை ஒட்டிய அளவு. தேவையானபோது இதற்காகத் தயங்கக் கூடாது, தேவையில்லாதபோது கேட்டு வாங்கவும் கூடாது. "குழந்தைக்கான அளவில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

அவசரம் இல்லாதபோது எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லை, சிறுமூளைப் பகுதி இதில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆடாமல் படுக்க வேண்டும், சத்தம் காதைப் பிளக்கும். 6 வயதுக்குக் கீழே பெரும்பாலும் மயக்க மருந்து தேவை. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றிய குழந்தை, காதில் சீழ் வைத்த குழந்தை என்றால் மூளையின் இரத்தநாளத்தில் உறைகட்டியைத் தேடும் படத்தையும் சேர்த்து எழுதலாம். சாதாரண சிடியில் அது தப்பிப்போவதுண்டு.

மூளை அழுத்தம் என்ற சந்தேகம் இருந்தால், தெருமுனை ஸ்கேன் மையத்தில் மயக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். மயக்கத்தில் மூச்சு மந்தமானால் அழுத்தம் இன்னும் ஏறும். மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருக்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும்.

9. செலவும் காகிதமும்

மகளுக்கு அந்த இரவில் சிடிக்கு மட்டும் 3,200 ரூபாய். அவசரப் பிரிவு, இரவுக் கட்டணம், ஊசி எல்லாம் சேர்ந்து 7,000-ஐத் தொட்டது. தங்கை மகனின் எம்.ஆர்.ஐ.க்குச் சாய மருந்தும் மயக்க மருந்தும் சேர்த்து 14,500. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதில் சிறு பங்குதான் ஆகும், அல்லது ஒன்றும் ஆகாது. அறுவைச் சிகிச்சைக்கு அங்கேதான் போனோம், குறையில்லை. கூட்டம் உண்டு, ஸ்ட்ரெச்சரை நாமே தள்ள வேண்டிவரும், ஆனால் உள்ளே கை தேர்ந்த கைகள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் தங்கை வீட்டில் ஏறவில்லை. அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க, அவன் அப்பா இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றார். சாலை விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு வரம்பு வரை இலவசம்.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் வராது. சிகிச்சைக்குச் சேர்ந்து அதன் பகுதியாக ஸ்கேன் எடுத்தால் வரும். சேர்க்கைக் குறிப்பில் மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார் என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

10. ஸ்கேன் அறை வாசலில்

கம்மலின் திருகாணி கழலாது. தங்கை மகனின் அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்தை, முடிச்சு அவிழாமல், கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டியிருந்தது. தங்கை அழுதது ஸ்கேனுக்கு அல்ல, அதற்குத்தான். உலோகம் கூடாது என்பதால் வீட்டிலேயே கம்மல், கொலுசு, கயிறு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பல்லில் கம்பி கட்டியிருந்தால் சொல்லுங்கள். பூப்பெய்திய பெண்ணிடம் சிடிக்கு முன் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பார்கள். அது வழக்கமான கேள்வி, கோபப்பட வேண்டாம்.

11. ரிப்போர்ட் வந்த பிறகு

மகளின் ரிப்போர்ட்டில் மூளை நலம் என்று எழுதி, கீழே ஒரு வரியில் சைனஸ் சவ்வு தடித்திருக்கிறது என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக நான்கு மாதம் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடம் அலைந்தேன், இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன். சளி பிடித்த எந்தப் பிள்ளையைப் படம் எடுத்தாலும் அது தெரியும் என்று பிறகுதான் சொன்னார்கள். இணையத்தில் தேடாமல், ஸ்கேன் எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

ஸ்கேன் நன்றாக இருந்தும் மறுபடி காலை வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்காராதீர்கள், திரும்பப் போங்கள்.

பிலிமோடு விடாமல், படங்களைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவருக்கு வேண்டியது அதுதான். எங்கள் குறுந்தகடு பையில் உராய்ந்து படிக்காமல் போய், தங்கை கணவர் பஸ் ஏறிப் போய் இன்னொரு பிரதி வாங்கி வந்தார். வாங்கிய அன்றே கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, ஒரு நகல் எடுத்துவையுங்கள்.